கொள்கையளவில் சம்மதிப்பவர்

அண்டை நாடுகள் ஐந்தும் சுங்கச் சாவடிகளை எடுத்துவிட்டு ஒரே சந்தையாகிவிட வேண்டுமா என்ற கேள்வியை ஓர் அறையில் போட்டுப் பாருங்கள். "கூடவே கூடாது" என்று ஒருவர் எழுவார். அவரால் யாருக்கும் தொல்லை இல்லை. பேசி முடித்ததும் கோபித்துக்கொண்டு வெளியே போய்விடுவார். நமக்கு ஒரு நாற்காலி மிச்சம். "இன்றைக்கே எடுத்துவிடுங்கள்" என்று இன்னொருவர் எழுவார். அவராலும் தொல்லை இல்லை. அவரிடம் விற்பதற்கு ஒன்றும் இருக்காது. இந்த இருவரையும் கழித்துவிட்டால் அறையில் மீதி உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் யார்? அவர்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவர்கள் எதையும் எதிர்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். ஆட்டி முடித்துத் தலை நடுவுக்கு வந்து நின்றதும், மெதுவாக ஒரு சொல்லை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். கொள்கையளவில்.

'சம்மதம்' என்றால் கதவு திறக்கிறது. 'கொள்கையளவில் சம்மதம்' என்றால், கதவு திறந்திருக்கிறது என்று எழுதிய பலகையைப் பூட்டிய கதவில் மாட்டுகிறார்கள்.

இந்த இனத்தாரைத் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாது. கூட்டத்தில் பார்க்க வேண்டும். முதல் வரிசையில் உட்காருவார். மற்றவர் பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு ஆமோதிப்பார். தன் முறை வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, 'நதிக்கு எல்லை ஏது, காற்றுக்குக் கடவுச்சீட்டு ஏது' என்று ஆரம்பித்து, பறவைகள், மேகங்கள், மனித குலம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி, கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்காரப் போகிறவர்போல் பாதி குனிந்து, பிறகு ஞாபகம் வந்தவராக நிமிர்ந்து, 'ஆனால்' என்பார். பறவையையும் மேகத்தையும் விடுங்கள். அந்த 'ஆனால்' என்பதற்குப் பிறகு வருவதை மட்டும் எழுதிக்கொண்டால் போதும்.

நான் பதினொரு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆற்றுப் பாலத்தின் இந்த முனையில், சுங்க அலுவலகத்தின் மாடியில், எங்கள் ஊரும் எதிர்க்கரை ஊரும் சேர்ந்து நடத்தும் எல்லைச் சந்தைக் குழுவுக்கு நான்தான் குறிப்பெழுத்தர். எதிர்க்கரை என்றால் வேறு நாடு. வேறு நாடு என்றால் அவர்கள் கடிகாரம் எங்களுடையதைவிட அரை மணி முந்தி ஓடும். மற்றபடி அதே ஆறு, அதே மழை, அதே பேச்சு. கூட்டம் மாதத்தில் முதல் வியாழன். நீள மேசை, அதன் நடுவில் இரண்டு குட்டிக் கொடிகள், ஓடினால் இரைச்சலும் ஓடாவிட்டால் புழுக்கமுமாக இரண்டு மின்விசிறிகள். ஜன்னலோரம் என் இடம். குறிப்பெழுத்தரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதனால் நான் எல்லோரையும் நன்றாகப் பார்த்துவிட்டேன்.

அப்படிப் பார்த்ததில் தலைசிறந்தவர் குடைக்காரர்.

குடைக்காரர் எங்கள் பக்கத்துக் குழுத் தலைவர். சொந்தமாகக் குடைத் தொழிற்சாலை. முப்பத்திரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். குடைக்கான துணியை அவரே நெய்து, மெழுகு ஏற்றி, சாயம் போடுகிறார். பத்து மழைக்காலம் போனாலும் அந்தத் துணி ஒரு சொட்டுக்கூட விடாது. மனிதர் கெட்டவர் இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் போய் நிற்பார். மேடையில் அவரைப்போல் எல்லைகளைக் கரைக்கிறவர் கிடையாது. "மழை ரெண்டு கரையிலயும்தான் பெய்யுது, மேகத்துக்கு யாராவது சுங்கம் போட்டாங்களா?" என்று அவர் கேட்கும்போது எனக்கே பேனாவை வைத்துவிட்டுக் கைதட்டத் தோன்றும்.

ஐந்து நாடுகளின் ஒப்பந்தம் கையெழுத்தானதும் தலைநகரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எல்லாப் பொருளுக்கும் சுங்கம் நீங்குகிறது. உடனே போட்டிக்குத் தயாராக முடியாத பொருள் ஏதாவது இருந்தால் மட்டும் ஒவ்வோர் ஊரும் ஒரு விலக்குப் பட்டியல் அனுப்பலாம். சிறிய பட்டியலாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். குடைக்காரர் எழுந்து கால் மணி நேரம் ஒப்பந்தத்தை வாழ்த்தினார். ஆனால் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய பட்டியல் இப்படிப் போயிற்று: குடை, மடக்குக் குடை.

"குடைன்னு போட்டாலே மடக்குக் குடையும் அதுல வந்துடுமே சார்" என்றேன்.

"மடக்கிக் கொண்டுவந்துட்டான்னா?" என்றார்.

பிறகு குடையின் பாகங்கள். "பாகமா வந்து இங்க ஒண்ணு சேர்ந்துக்கும், நீங்க பார்த்துக்கிட்டேவா இருப்பீங்க?" பிறகு மழைக்கோட்டு, ஏனென்றால் அதைப் போட்டவன் குடை வாங்கமாட்டான். பிறகு அகல விளிம்புத் தொப்பி. கடைசியாகக் கைத்தடி, அதிலும் வளைந்த கைப்பிடி உள்ளது மட்டும். "நேரான கைத்தடிக்கு நாம எதிரி கிடையாது. அதையும் குறிப்புல எழுதிடுங்க."

சோப்புக்காரர் சும்மா இருப்பாரா? மெழுகுவர்த்திக்காரர்? பிஸ்கட்காரர், பெட்டிக்காரர், பூட்டுக்காரர்? எதிர்க்கரையிலும் அதே கதைதான். கடைசியில் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, எங்கள் இரு நாடுகளுக்கிடையே சுங்கம் முழுமையாக நீங்கிய பொருள்கள் எவை என்று தெரிந்தது. இரண்டு நாட்டிலுமே செய்யாதவை. கலங்கரை விளக்கக் கண்ணாடி, மீன்பிடிக் கப்பலுக்கான நங்கூரம், ஒட்டகச் சேணம். எங்கள் இரு நாடுகளுக்கும் கடல் கிடையாது. ஒட்டகமும் கிடையாது. பாலத்துக்குப் புது வண்ணம் அடித்து விழா எடுத்தோம். அந்த வருடம் ஒரு நங்கூரம்கூடப் பாலத்தைக் கடக்கவில்லை.

எதிர்க்கரைக் குழுவின் தலைவர் கம்பிக்காரர். குடைக்குள் விரிகிறதே கம்பிக்கூடு, அதைச் செய்கிற பட்டறை அவருடையது. புயலில் பிடித்தாலும் அந்தக் கம்பி திரும்பி மடங்காது. அவரும் கொஞ்சம் குடை செய்வார். ஆனால் அவருக்குக் கிடைக்கும் துணி முதல் மழையிலேயே சாயம் விட்டு, பிடித்தவர் சட்டையை நீலமாக்கிவிடும். எங்கள் குடைக்காரருக்கோ துணி பிரமாதம், கம்பி தூர தேசத்திலிருந்து வர வேண்டும். கப்பலில் நாற்பது நாள், பிறகு மூன்றாவது நாட்டுத் துறைமுகத்திலிருந்து லாரியில் ஆறு நாள். கம்பிக்காரர் பட்டறையோ கூப்பிடு தூரம். அங்கே சாப்பாட்டு மணி அடித்தால் இங்கே குடைத் தொழிற்சாலை ஆட்கள் கை கழுவ எழுந்துவிடுவார்கள். அந்தக் கடிகாரம் அரை மணி முந்தி என்பதால் தினமும் அதில் ஒரு சண்டை.

சரி, ஆளுக்குப் பாதிக் குடை வைத்திருக்கிறார்களே, சேர்ந்தால் என்ன? சேர்ந்தார்கள். குடையில் இல்லை. குழுக் கூட்டத்தில் மூன்று வருடம் எதிரெதிரே உட்கார்ந்து 'குடையின் பாகங்கள்', 'குடைத் துணி' என்று மாறி மாறி விலக்குக் கேட்டுச் சண்டை போட்டதில் ஒருவர் குணம் ஒருவருக்குப் பிடித்துப்போய், குடைக்காரர் தன் மகளைக் கம்பிக்காரரின் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார். கல்யாணப் பேச்சு ஒரே பிற்பகலில் முடிந்தது. குடைப் பேச்சு ஆறு வருடமாக நடந்துகொண்டிருந்தது. பெண் பாலத்தைக் கடந்து போய்விட்டாள். கம்பி கடக்கவில்லை.

மகளைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பாவின் மூக்கு, அப்பாவின் பேச்சு இல்லை. கேட்கிறதை நேராகக் கேட்பாள். ஞாயிறுதோறும் பாலத்தில் நடந்து பிறந்த வீட்டுக்கு வருவாள்.

அந்த வருடம் மழைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மூன்றாவது நாட்டுத் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். குடைக்காரரின் கம்பி கப்பலிலேயே நின்றுவிட்டது. எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. தொழிற்சாலையில் துணியை வெட்டித் தைத்து அடுக்கிக்கொண்டே போனார்கள். அடுக்கு உத்தரத்தைத் தொட்டது. அதற்குமேல் தைத்து வைக்க இடம் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து எல்லோரும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் போதும் என்று குடைக்காரர் சொன்னார். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தைக்கும் பகுதிக்குத் தலைவியாக இருந்த அம்மாள் ஒருத்தி; எல்லோரும் அவளைத் தையலக்கா என்பார்கள். வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான், சாப்பிடுகிற வாய் நாலு. அவள் மட்டும் கேட்டாள்.

"ஒருநாள் விட்டு ஒருநாள் வேலைன்னா, எங்களுக்குப் பசியும் ஒருநாள் விட்டு ஒருநாள் வருமா முதலாளி?"

குடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அன்று நானும் குழுக் கடிதங்களில் கையெழுத்து வாங்க அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, மாமா பட்டறையில கம்பி வாசல் வரைக்கும் குவிஞ்சு கெடக்கு."

"தெரியும்மா."

"நாளைக்கே வண்டியில ஏத்தி அனுப்பச் சொல்லட்டுமா?"

"எனக்குக் கொள்கையளவுல ஒரு ஆட்சேபணையும் இல்லம்மா. ஆனா பட்டியல்ல இருக்கே. சுங்கம் கட்டி எடுத்தா தங்கக் கம்பி விலை ஆயிடும்."

"பட்டியலப் போட்டது யாரு?"

"குழு."

"குழுவுக்குத் தலைவர் யாரு?"

குடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

"தலைவருங்கறதாலதாம்மா நான் பேச முடியல. என் தொழிலுக்காக நானே பட்டியலத் திருத்தினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"போடும்போது ஒண்ணும் சொல்லலையே" என்றாள் மகள்.

அன்று மாலையே அக்கரைக்குப் போய் மாமனாரிடமும் கேட்டிருக்கிறாள். கம்பிக்காரர் அவளை உட்காரவைத்து, உங்கப்பாமேல எனக்கு இருக்கற மரியாதை உனக்குத் தெரியாதும்மா என்று ஆரம்பித்து, கொள்கையளவில் தனக்குச் சம்மதம் என்றும், சம்பந்தி முதலில் கம்பியைப் பட்டியலிலிருந்து எடுத்தால் மறுநாளே தான் துணியை எடுப்பதாகவும் சொன்னார். அவள் அதை இங்கே வந்து சொன்னாள். குடைக்காரர், சம்பந்தி துணியை எடுக்கட்டும், மறுநாளே கம்பியை நான் எடுக்கிறேன் என்றார். அவள் அதை அங்கே போய்ச் சொன்னாள். இப்படி நாலு தடவை பாலத்தைக் கடந்தாள். பிறகு, இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்துவிடலாமே என்றாள். யோசனை நியாயமானது. ஆகவே குழுவுக்கு வந்தது.

அந்தக் கூட்டம் இரண்டரை மணி நேரம் நடந்தது. குறிப்பு என்னிடம் இருக்கிறது. இரண்டு சம்பந்திகளும் ஒரே நேரத்தில் எடுக்கச் சம்மதித்தார்கள். கொள்கையளவில். தேதியும் முடிவானது: முதல் தேதி காலை பத்து மணி. 'யார் கடிகாரப்படி?' என்று கம்பிக்காரர் கேட்டார். எங்கள் கடிகாரப்படி என்றால் அவர்கள் அரை மணி காத்திருக்க வேண்டும். அவர்கள் கடிகாரப்படி என்றால் எங்கள் பக்கம் அரை மணி முன்னால் திறக்க வேண்டும். அந்த அரை மணியில் என்னென்ன வந்து குவியும் என்று யாரால் சொல்ல முடியும்? நேரத்தை ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். கூட்டம் நன்றியுரையுடன் முடிந்தது.

மகள் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் போன பிறகு என் மேசைக்கு வந்தாள்.

"சார், அந்த ஒப்பந்தம்னு சொல்றீங்களே, அதோட பிரதி ஒண்ணு கிடைக்குமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. ஆறு வருடத்தில் அதைப் படிக்க வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் அவள்தான். அலமாரியில் தேடி, தூசி தட்டி, நூற்று நாற்பது பக்கத்தையும் கொடுத்தேன். நாலு நாளில் திருப்பிக் கொடுத்தாள். தொண்ணூற்றோராம் பக்கத்தில் அடையாளமாக ஒரு நூலிழை செருகியிருந்தது.

அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்களா? பழுதுபார்ப்பு. ஒரு நாட்டில் பழுதான பொருளை அடுத்த நாட்டுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்ய, அது பட்டியலில் இருந்தாலும் சுங்கம் கிடையாது. சரிசெய்த பொருள் திரும்பிப் போகலாம். உரியவர் முப்பது நாளில் வந்து வாங்காவிட்டால் பழுதுபார்த்தவரே விற்றுக்கொள்ளலாம். கைக்கடிகாரத்தையும் தையல் இயந்திரத்தையும் மனதில் வைத்து யாரோ ஒரு நல்ல மனிதர் எழுதிய ஷரத்து.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒரு சின்ன வண்டி பாலத்தில் வந்து நின்றது. ஜன்னல் வழியாக எனக்கு நன்றாகத் தெரிந்தது, பேச்சும் கேட்டது. சுங்க அதிகாரி வண்டியின் பின்கதவைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னம்மா இது?"

"குடை சார். பழுதாயிடுச்சு. சரிபண்ண எடுத்துட்டுப் போறேன்."

"எத்தனை?"

"நானூறு."

"நானூறும் ஒண்ணாவா பழுதாச்சு?"

"காத்து அடிச்சுது சார்."

அதிகாரி ஒரு கம்பிக்கூட்டை எடுத்து விரித்தார். பளபளவென்று எட்டுக் கம்பிகள். அவற்றின் நடுவே வானம்.

"இதுல துணி எங்கம்மா?"

"அதுதான் சார் பழுது."

அதிகாரி நேர்மையானவர். ஷரத்தைக் கொண்டுவரச் சொல்லி, நின்றபடியே இரண்டு தடவை படித்தார். ஒரு பொருள் எவ்வளவு வரைக்கும் பழுதாகலாம் என்று அதில் எங்கும் போடவில்லை. முத்திரையைக் குத்தினார்.

மறுநாளிலிருந்து முப்பத்திரண்டு பேரும் தினமும் வேலைக்கு வந்தார்கள். அதிலிருந்து வாரம் மூன்று வண்டி. அக்கரையில் அப்படி ஒரு காற்று அடித்தது. தைத்த துணி உத்தரத்திலிருந்து இறங்கிக் கம்பியில் ஏறியது. பாதிக் குடை சரியாகி அக்கரைக்குத் திரும்பியது. மீதிக் குடையை யாரும் வந்து கேட்கவில்லை. முப்பது நாளில் அது குடைக்காரருடையது ஆயிற்று. மழை வந்தது. இரண்டு கரையிலும் அந்தக் குடையைத்தான் பிடித்தார்கள்.

ஒருநாள் கம்பிக்காரர் முதல்முறையாகச் சம்பந்தியின் தொழிற்சாலைக்கு வந்தார். ஒரு குடையை எடுத்து விரித்தார், மூடினார், திரும்ப விரித்தார். துணியின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்து, விரலில் நீலம் இருக்கிறதா என்று பார்த்தார்.

"துணி பரவாயில்ல சம்பந்தி."

"கம்பியையும் குத்தம் சொல்றதுக்கில்ல சம்பந்தி."

இவர்கள் வாயிலிருந்து இதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. பக்கத்தில் நின்ற தையலக்கா என்னிடம், "ஆறு வருஷம் பேசினதுக்கு இந்த ரெண்டு வரிதானா சார்?" என்றாள்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் மறுவருடம் தலைநகரத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. விலக்குப் பட்டியலைச் சுருக்குங்கள். குடையின் பாகங்களையும் குடைத் துணியையும் இரு பக்கமும் நீக்கிவிடச் சம்மதமா? குடைக்காரர் துள்ளிக் குதித்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அப்படியானால் இந்த இனத்தைப் பற்றி நான் இவ்வளவு நேரம் சொன்னது வீண்.

எங்கள் கரையில் வேறு ஒன்பது குடைக்காரர்கள் இருந்தார்கள். பின்தெருக்களில் இரண்டு இயந்திரம், மூன்று இயந்திரம் வைத்துத் தைப்பவர்கள். அவர்களுக்கு அக்கரையில் சம்பந்தி கிடையாது. பட்டியல் இருக்கிறவரை கம்பி அவர்களுக்குத் தூர தேசத்திலிருந்துதான். அக்கரையில் கம்பிக்காரரோடு போட்டி போடுகிற குடைக்காரர்களுக்கும் அப்படித்தான், நல்ல துணி கிடையாது. பட்டியல் போய்விட்டால்?

அந்த வியாழக்கிழமை சம்பந்திகள் இருவரும் எதிரெதிரே உட்காரவில்லை. ஒரே பக்கம் அருகருகே உட்கார்ந்தார்கள். குடைக்காரர் எழுந்து மேகத்தைப் பற்றிப் பேசினார். அன்று மேகம் அவ்வளவு அழகாக இருந்தது. பிறகு, "கொள்கையளவுல பூரண சம்மதம். ஆனா படிப்படியா செய்யணும். சின்னச் சின்ன ஆட்கள் திடீர்னு அடிபட்டுடக் கூடாது" என்றார்.

"சம்பந்தி சொன்னத நான் அப்படியே வழிமொழியறேன்" என்றார் கம்பிக்காரர்.

ஏழு வருடத்தில் இரு நாடுகளும் ஒருமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம் அது. ஒருங்கிணைப்பு என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

சின்ன ஆட்களில் ஒருத்தி அப்போது படிக்கட்டில் காத்திருந்தாள். தையலக்கா. ஒரு வருடம் மிச்சம் பிடித்து இரண்டு பழைய இயந்திரம் வாங்கி, முன்னறையில் போட்டு, தெருப் பெண்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு அவளே குடை தைக்க ஆரம்பித்திருந்தாள். குடைக்காரரின் பத்தாவது போட்டி. கூட்டம் முடிந்து மகள் இறங்கி வந்ததும் அவளிடம் போனாள்.

"அம்மாடி, உன் வண்டியில எனக்கும் ஒரு நூறு கூடு கொண்டுவந்து குடேன். உனக்கு என்ன கூலியோ குடுத்துடறேன்."

மகள் வண்டிச் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். அவளுக்கும் இப்போது பழுதுபார்ப்பு நிலையம் என்று ஒரு பலகை, ஒரு வண்டி, ஒரு கணக்குப்பிள்ளை எல்லாம் வந்துவிட்டன. புருஷனும் மாமனாரும் அப்பாவும் அந்த வண்டியைத்தான் நம்பியிருந்தார்கள்.

"உங்களுக்குச் செய்யாம யாருக்குக்கா செய்யப்போறேன்? எனக்குக் கொள்கையளவுல..."

அங்கேயே நின்றுவிட்டாள். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவளைப்போல் இருந்தது முகம். ஆனால் வாக்கியத்தைத் திருத்தவும் இல்லை.

"புரியுது தாயி" என்றாள் தையலக்கா. அவளைக் கடந்து மாடி ஏறி, நேராக என் மேசைக்கு வந்தாள். "எனக்குப் படிக்க வராது சார். அந்தத் தொண்ணூத்தியோராம் பக்கத்த மட்டும் வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கத்தின் பிரதியையும் கையோடு வாங்கிப்போனாள்.

மறுவாரம் அவள் பாலத்தில் நடந்து வந்தாள். வண்டி இல்லை. கையில், அக்கரைக் கடையில் வாங்கிய ஐந்து கம்பிக்கூடு. அதே அதிகாரிதான்.

"உனக்குமாம்மா காத்து அடிச்சுது?"

"எங்களுக்கெல்லாம் கொஞ்சம் லேட்டாத்தான் சார் அடிக்கும்."

அவளுக்குப் பின்னால் மகளின் வண்டி நின்றிருந்தது. தையலக்கா படிவத்தில் கைநாட்டு வைப்பதற்காகக் கூடுகளை ஒரு கையில் மாற்றப் பார்த்தாள். ஆற்றுக் காற்றில் அவை தாமாகவே விரிந்துகொண்டு அடங்க மறுத்தன. மகள் வண்டியிலிருந்து இறங்கி வந்து, ஐந்தையும் வாங்கி மடக்கி, அவள் கைநாட்டு வைத்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். அதிகாரி முத்திரை குத்திய பிறகு கூடுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரம் பின்தெருக் குடைக்காரர்கள் ஒன்பது பேரும் பாலத்தில் நின்றார்கள். பிறகு அவர்களுடைய மச்சான்கள், நாத்தனார்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், பொழுது போகாதவர்கள். ஆளுக்கு ஐந்து, ஆளுக்குப் பத்து. காலை ஏழு மணிக்கே துணியில்லாத குடைகளின் வரிசை பாலத்தின் நடுவரை நீண்டது. சுங்க அலுவலகத்தில் படிவம் தீர்ந்தது, மை தீர்ந்தது, கடைசியில் அதிகாரியின் பொறுமையும் தீர்ந்தது. அவர் தலைநகரத்துக்கு எழுதினார்: இந்த எல்லையில் குடைகள் பழுதாகிற வேகத்தில் மற்ற வேலை எதையும் செய்ய முடியவில்லை, தயவுசெய்து பட்டியலிலிருந்து குடையை எடுத்துவிடுங்கள். இரண்டு நாடுகளும் எடுத்துவிட்டன. யார் கடிகாரப்படி என்று யாரும் கேட்கவில்லை.

குடைக்காரர் அழிந்துபோய்விட்டாரா? அதுவும் இல்லை. ஒன்பது பேருக்கும் தையலக்காவுக்கும் நல்ல துணி வேண்டுமே. வேறு எங்கே போவார்கள்? இப்போது அவர் குடையைவிடத் துணியில்தான் அதிகம் சம்பாதிக்கிறார். ஆட்கள் முப்பத்திரண்டிலிருந்து ஐம்பதாகிவிட்டார்கள். போன மாதம் எல்லைச் சந்தைக்கு அவர் ஆற்றிய தொண்டைப் பாராட்டிப் பத்திரம் படித்துக் கொடுத்தார்கள். எழுதியது நான்தான். ஏற்புரையில், "அன்னைக்கே நான் கொள்கையளவுல சம்மதிச்சேன், எல்லாம் அதுலேர்ந்துதான் ஆரம்பிச்சுது" என்றார். பொய் இல்லை. அவர் அப்படித்தான் மனதார நம்புகிறார். முதல் வரிசையில் தையலக்கா உட்கார்ந்து கைதட்டினாள்.

இப்போது இந்தக் குடைக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், இல்லையா? நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், போன வாரம் வரைக்கும்.

பொருள்கள் ஒருவழியாக முடிந்து, இந்த வருடம் ஐந்து நாடுகளும் ஆட்களைப் பற்றிப் பேசுகின்றன. ஒரு நாட்டு முடிதிருத்துபவர் அடுத்த நாட்டில் கடை போடலாம். ஒரு நாட்டுச் செவிலி அடுத்த நாட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கலாம். யோசித்துப் பார்த்தால் எவ்வளவு உயர்ந்த கருத்து. எனக்கு முழு சம்மதம். இதற்கும் ஒரு சின்ன விலக்குப் பட்டியல் உண்டு. குழு சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து நல்ல பிரதி எடுத்தேன். எதிர்க்கரையில் ஒரு குறிப்பெழுத்தர் இருக்கிறாள். சின்ன வயது, என்னைவிட இரு மடங்கு வேகம், எழுத்து அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். நல்ல பெண். அவள் முன்னேற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பட்டியலில் பதினெட்டாவதாக வாகன ஓட்டுநர் என்று இருந்தது. அதற்குக் கீழே, அதே மையில், பத்தொன்பதாவதாக 'கூட்டக் குறிப்பு எழுதுதல்' என்று ஒரு வரி வந்து உட்கார்ந்திருக்கிறது. குழுவில் யாரும் அதைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. யாரும் படித்துப் பார்க்காமல் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.

பட்டியல் தலைநகரத்துக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது. என் மேசை இழுப்பறையில்தான் வைத்திருக்கிறேன். கீழே நிறைய இடம் இருக்கிறது. விஷயம் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. வாத்தியார்கள் வந்துபோனார்கள், மருத்துவர்கள் வந்துபோனார்கள். நேற்று இதைப் பற்றிப் பத்திரிகையில் கிண்டலாகக் கட்டுரை எழுதுகிற ஒருவர்கூட வந்து, கட்டுரை எழுதுவது இதில் வருமா என்று சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டார். எல்லோரும் திறந்த எல்லையைப் பற்றி முதலில் ஐந்து நிமிடம் நன்றாகப் பேசிவிட்டுத்தான் தங்கள் தொழிலைச் சொல்கிறார்கள்.

உங்கள் தொழில் என்னவென்று நான் இன்னும் கேட்கவில்லை. வருவதாக இருந்தால் மாலை நாலு மணிக்குமேல் வாருங்கள். காலையில் வரிசை படிக்கட்டுவரை நிற்கிறது.